யார்க் நகரத்து விழாக்கள்

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் அதன் கோட்டை கொத்தளங்களையும் கோயில்களையும் காணச் செல்வர். கல்லில் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது என்பது உண்மையே. ஆனால் கல்லைப் போலவே வரலாற்றைக் காத்து வைக்கும் பொருள் மற்றொன்றும் உண்டு. அதுதான் அந்நகரத்தார் ஆண்டுதோறும் கொண்டாடும் விழாக்களின் வரிசை. எந்த நாளில் மக்கள் தெருவில் கூடுகின்றனர், எதற்காகக் கூடுகின்றனர், அவர்களைக் கூட்டியவர் யார், கூடாதீர் என்று தடுத்தவர் யார் என்று கேட்டுப் பார்த்தால், அந்நகரத்தின் கதை முழுவதும் மெல்ல மெல்ல வெளிப்படும். இதனை விளக்குவதற்கு நான் எடுத்துக்கொண்ட ஊர், வட இங்கிலாந்தில் உள்ள யார்க் என்னும் பழம்பெரும் நகரம்.

ஊஸ், பாஸ் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் யார்க் அமைந்துள்ளது. கி. பி. 71-ஆம் ஆண்டளவில் உரோமானியப் படையினர் அங்கே ஒரு பாசறை அமைத்து, அதற்கு எபோராக்கம் என்று பெயரிட்டனர். உரோமப் பேரரசனாகிய கான்ஸ்டன்டைன் 306-ஆம் ஆண்டில் இந்நகரத்திலேதான் படைவீரர்களால் பேரரசனென அறிவிக்கப்பட்டான். உரோமர் சென்ற பின்னர் வந்த ஆங்கிலோ-சாக்சன் மக்கள் ஊரின் பெயரை எயோபர்விக் எனத் திரித்து வழங்கினர். 866-ஆம் ஆண்டில் வட கடலைக் கடந்து வந்த வைக்கிங் வீரர்கள் நகரத்தைக் கைப்பற்றினர்; அவர்கள் நாவில் அது யோர்விக் ஆயிற்று. 954-இல் கடைசி வைக்கிங் அரசனாகிய எரிக் துரத்தப்பட்ட பின்னரும் அப்பெயர் மறையவில்லை; தேய்ந்து தேய்ந்து யார்க் என நின்றது. இப்பெயர்கள் இறந்துபட்டன என்று எண்ண வேண்டா. யோர்விக் என்பது இன்று அவ்வூரின் குளிர்கால விழாவொன்றின் பெயர். எபோராக்கத்தின் சுருக்கமாகிய எபோர் என்பது ஆகஸ்டு மாதத்துக் குதிரைப் பந்தயத்தின் பெயர்.

ஆண்டின் வரிசையிலேயே விழாக்களைக் காண்போம். பிப்ரவரி மாதத்தில், பனி இன்னும் விலகாத நாட்களில், யார்க்கின் தெருக்களில் இரும்புத் தொப்பியும் கேடயமும் தாங்கிய மக்கள் அணிவகுத்துச் செல்வர். இது யோர்விக் வைக்கிங் விழா. கேட்போர் இதனை ஆயிரம் ஆண்டு வழக்கம் என்று கருதக்கூடும். உண்மையில் இது 1985-ஆம் ஆண்டில் தோன்றிய விழா. அதனைத் தோற்றுவித்தது மண்வெட்டியே. காப்பர்கேட் என்னும் தெருவில் 1976 முதல் 1981 வரை தொல்பொருள் அறிஞர் அகழ்ந்தபோது, ஈரமண்ணின் அடியில் காற்றுப் புகாமல் கிடந்தமையால் மரச்சுவர்களும், தோற்செருப்புகளும், கொம்பினால் செய்த சீப்புகளும், ஒரு காலுறையும் கூட அழியாமல் கிடைத்தன. எடுத்த பொருள்கள் ஏறத்தாழ 40,000. காப்பர்கேட் என்னும் சொல்லுக்கு வைக்கிங் மொழியில் கிண்ணம் செய்வோர் தெரு என்று பொருள். அச்சொல் கூறியவாறே மரம் கடைந்து கிண்ணம் செய்தவர்களின் கழிவுகள் அங்கே கிடந்தன. தெருவின் பெயர் பொய் சொல்லவில்லை! அகழ்ந்த இடத்திலேயே 1984-இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு விழாவும் பிறந்தது. 2015 டிசம்பரில் ஆறு பெருகி அவ்வருங்காட்சியகத்துள் வெள்ளம் புகுந்தது. 2017 ஏப்ரலில் அது மீண்டும் திறக்கப்பட்டது. பொருள்களைக் காத்ததும் ஈரம். அவற்றைக் காட்டும் இடத்தைக் கெடுத்ததும் ஈரம்.

பிப்ரவரி கழிந்து மார்ச்சு வந்தால், கிளிபர்டு கோபுரம் நிற்கும் பசும்புல் மேட்டில் மஞ்சள் நிற டாபடில் மலர்கள் பூக்கும். காண்பதற்கு இனிய காட்சிதான். ஆனால் அம்மேட்டின் நினைவு இனியதன்று. 1190-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள், சிலுவைப் போரின் வெறியால் தூண்டப்பட்ட கூட்டத்தார்க்கு அஞ்சி, யார்க்கில் வாழ்ந்த யூதர் ஏறத்தாழ 150 பேர் அங்கிருந்த மரக்கோபுரத்தில் புகலடைந்தனர். முற்றுகைக்குத் தப்ப வழியின்றிப் பெரும்பாலோர் தம் கையாலேயே மடிந்தனர், எஞ்சியோர் கொல்லப்பட்டனர். கூட்டத்தை நடத்திய தலைவர்களுட் சிலர் அந்த யூதரிடம் கடன்பட்டவர்கள். படுகொலை முடிந்ததும் அவர்கள் நேரே பேராலயத்திற்குச் சென்று, அங்கே வைக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களை எடுத்து எரித்தனர். இதனால் விழித்துக்கொண்ட அரசு, 1194-இல், இத்தகைய பத்திரங்களுக்குப் படி எடுத்துப் பெட்டிகளில் பூட்டி வைக்குமாறு ஆணையிட்டது. உயிர்களைக் காக்கத் தவறிய அரசு தாள்களைக் காக்க முந்தியது! நினைவுக் கல் ஒன்று 1978-இல்தான் அங்கே வைக்கப்பட்டது. டாபடில் மலருக்கு ஆறு இதழ்கள். அவை யூதரின் ஆறுமுனை விண்மீனை நினைவூட்டுவன. ஒரு நகரத்தின் நாட்காட்டியில் மகிழ்ச்சி நாட்களோடு நாணவேண்டிய நாளும் இடம் பெறுவதே நேர்மையாகும்.

நான் முதன்மையாகச் சொல்ல விழைவது கோடைகால விழாவொன்றின் வரலாறு. கத்தோலிக்க சமயத்தார் கொண்டாடும் தேவநற்கருணைத் திருநாளைப் போப்பாண்டவர் நான்காம் அர்பன் 1264-இல் ஏற்படுத்தினார். இலத்தீன் மொழியில் அதற்குக் கார்ப்பஸ் கிறிஸ்தி என்று பெயர். அது மே மாதம் 21-ஆம் நாளுக்கும் ஜூன் 24-ஆம் நாளுக்கும் இடையே ஒரு வியாழக்கிழமையில் வரும். வட இங்கிலாந்தில் அக்காலத்தில் பகற்பொழுது மிக நீண்டது. விடியல் மிக முந்தியது. தெருவில் நின்று நெடுநேரம் காணவேண்டிய காட்சிகளுக்கு அதைவிட ஏற்ற பருவம் வேறில்லை. அந்த நாளில் யார்க் நகரத்தார் உலகத்தின் தோற்றம் முதல் இறுதித் தீர்ப்பு வரையில் உள்ள விவிலியக் கதை முழுவதையும் நாடகமாக நடித்துக் காட்டினர்.

நடித்தவர் யார்? அரண்மனைக் கூத்தரும் அல்லர், குருமாரும் அல்லர். நகரத்தின் தொழிலாளர்களும் வணிகர்களுமே நடித்தனர். அக்காலத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் கில்டு எனப்படும் தொழிற்குழு ஒன்று உண்டு. கதையை ஏறத்தாழ ஐம்பது சிறு நாடகங்களாகப் பகுத்து, ஒவ்வொரு குழுவிற்கும் ஒவ்வொன்றை நகர மன்றம் ஒப்படைத்திருந்தது. சக்கரம் பூட்டிய மேடை வண்டியின் மேல் நாடகம் நடக்கும். இவ்வண்டிகளை நிறுத்தி வைத்த இடத்தின் வாடகையைப் பற்றிய 1376-ஆம் ஆண்டுக் குறிப்பே இவ்விழாவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதற் சான்று. 1397-இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னன் யார்க்கிற்கு வந்து இந்நாடகங்களைக் கண்டான். 1415-இல் ரோஜர் பர்ட்டன் என்னும் நகர எழுத்தர், எந்தக் குழு எந்த நாடகத்தை நடிக்கவேண்டும் என்று ஒரு நெடும் பட்டியல் எழுதி வைத்தார்.

அப்பட்டியலைப் படிப்பது பேரின்பம். நோவாவின் பேழையைக் கட்டும் நாடகம் கப்பல் தச்சர்க்கு உரியது. வெள்ளம் பெருகும் அடுத்த நாடகம் மீனவர்க்கும் மாலுமிகளுக்கும் உரியது. கீழ்த்திசை ஞானிகள் பொன் கொண்டுவந்து வைக்கும் நாடகத்தைப் பொற்கொல்லர் ஏற்றனர். இராப்போசன நாடகம் ரொட்டி சுடுவோரின் பங்கு. இயேசுநாதர் சிலுவையில் உயிர்விடும் நாடகம் இறைச்சி விற்போர் கையில் இருந்தது. நகரத்துட் செல்வம் மிக்கவராகிய துணி வணிகர் இறுதித் தீர்ப்பை நடத்தினர். ஒவ்வொருவரும் தாம் அன்றாடம் செய்யும் தொழிலையே தெய்வக் கதையின் ஒரு பகுதியாகக் கண்டனர்.

சிலுவையில் அறையும் நாடகம் ஆணியும் ஊசியும் செய்வோர்க்கு அளிக்கப்பட்டிருந்தது. அதில் நான்கு வீரர்கள் வேலை செய்கின்றனர். சிலுவையில் துளைகள் தவறான அளவில் இடப்பட்டுவிட்டன. ஆகவே கையும் காலும் எட்டவில்லை. கயிறு கட்டி இழுக்கின்றனர். பாரம் தாங்கவில்லை என்று முணுமுணுக்கின்றனர். ஒருவரை ஒருவர் குறை கூறுகின்றனர். எந்தப் பட்டறையிலும் கேட்கக்கூடிய பேச்சு அது. அவர்கள் கவலையெல்லாம் வேலையைப் பற்றியது. தாம் யாரை வதைக்கிறோம் என்னும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. கொடியவர் என்று தனியே ஓர் இனம் உண்டு என்று நாம் கருதுகிறோம். கொடுமை பல வேளைகளில் தன் வேலையைச் செவ்வனே செய்பவன் கையாலேயே நடைபெறுகிறது என்று அந்த ஆணித் தொழிலாளர் நாடகம் காட்டுகிறது. அதை எழுதியவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் அவர் மனிதரை நன்கு அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

விழா நாளன்று நடிகர் அதிகாலை நான்கரை மணிக்கே ஆயத்தமாக நிற்க வேண்டும். பெரிய தெரு என்று பொருள்படும் மிக்கிள்கேட்டில், புனித திரித்துவ மடத்தின் வாயிலில், முதல் நிலை. அங்கே முதல் வண்டி தன் நாடகத்தை நடித்து முடித்து இரண்டாம் நிலைக்கு நகரும். உடனே இரண்டாவது வண்டி முதல் நிலைக்கு வரும். இவ்வாறு ஊஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, பேராலயத்தின் வாயில் வழியாகச் சென்று, பேவ்மெண்டு என்னும் சந்தைவெளியில் முடியும். நிலைகள் பொதுவாகப் பன்னிரண்டு. ஆகவே ஒவ்வொரு குழுவும் தன் நாடகத்தை அன்று பன்னிரண்டு முறை நடிக்க வேண்டும். ஒரே வேளையில் ஒரு தெருவில் இயேசு குழந்தையாகத் தோன்றுவார்; மற்றொரு தெருவில் சிலுவை சுமப்பார். ஒரு நாளில் அவ்வேடம் பூண்டவர் மட்டும் இருபதுக்கு மேற்பட்டவர். கடைசி வண்டியாகிய இறுதித் தீர்ப்பு கடைசி நிலையை அடையும்போது இருள் கவிந்திருக்கும் என்றும், தீவட்டி ஒளியிலேயே அது நடந்திருக்கும் என்றும் ஆராய்ச்சியாளர் கணக்கிடுகின்றனர்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்கவேண்டும். ஒவ்வொரு குழுவின் உறுப்பினரும் வண்டிப் பணம் என்று ஆண்டுதோறும் வரி செலுத்தினர். தம் வீட்டு வாயிலில் நிலை அமைய விரும்பியோர் நகர மன்றத்திற்குக் குத்தகை கட்டினர். தரத்தைக் காக்கவும் விதிகள் இருந்தன. 1476-ஆம் ஆண்டு விதியின்படி, தவக்காலத்தில் தேர்ந்த நடிகர் நால்வர் மன்றத்தால் அழைக்கப்பட்டு, நடிக்க வருவோரைச் சோதித்து, தகுதியற்றவரை நீக்குவர். ஒருவர் ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் வேடம் ஏற்றால் தண்டம் நாற்பது ஷில்லிங். துணி வணிகர் குழு 1433-இல் எழுதிய பத்திரம் ஒன்று 1971-இல் கண்டெடுக்கப்பட்டது. அதில் அவர்களுடைய வண்டியின் உடைமைகள் அனைத்தும் குறிக்கப்பட்டுள்ளன. நரகத்தின் வாய் ஒன்று. சிவப்பு வண்ணம் தீட்டிய சிறு தேவதூதர் பொம்மைகள் ஒன்பது. அவை வானத்தில் ஓடிக்கொண்டிருப்பதற்கு ஒரு பொறியமைப்பு. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மறைந்து கிடந்த ஒரு தாள், அந்த ஒன்பது தூதரையும் மீண்டும் நம் கண்முன் ஓடவிட்டுவிட்டது.

விழா என்றால் எல்லாரும் ஒரே மனத்தினராய் இருந்தனர் என்று எண்ணுதல் தவறு. 1426-இல் வில்லியம் மெல்ட்டன் என்னும் துறவி நகரத்திற்கு வந்து சொற்பொழிவாற்றினார். நாடகங்கள் நல்லவையே என்று அவர் பாராட்டினார். ஆனால் விழாவன்று மக்கள் உண்டும் குடித்தும் கூச்சலிட்டும் திரிவதால் வழிபாடு கெடுகிறது என்று குறை கூறினார். இறுதியில் நற்கருணை ஊர்வலத்தை மறுநாளுக்குத் தள்ளி வைத்தனர். வியாழக்கிழமை நாடகத்திற்கே உரியதாயிற்று. 1431-ஆம் ஆண்டளவில் கல்தச்சர் குழுவினர் மற்றொரு முறையீடு கொண்டுவந்தனர். கன்னி மரியாளின் இறுதி ஊர்வலத்தில் பெர்கஸ் என்பவன் பாடையைத் தாக்கும் நாடகம் அவர்கள் பங்கில் இருந்தது. அதைக் கண்டு மக்கள் பக்தி கொள்ளாமல் சிரிக்கின்றனர், சில வேளைகளில் அடிதடியும் நேர்கிறது, எங்களுக்கு வேறொரு நாடகம் தாருங்கள் என்பது அவர்கள் வேண்டுகோள். மன்றம் அவ்வாறே ஏரோது மன்னன் நாடகமொன்றைக் கொடுத்தது.

நாடகங்களின் உரைகளையெல்லாம் நகர மன்றம் 1463-க்கும் 1477-க்கும் இடையே ஒரு பெரும் பதிவேட்டில் படியெடுத்து வைத்தது. இது கலையார்வத்தால் மட்டும் செய்த செயலன்று. மேற்பார்வையே அதன் நோக்கம். நகர எழுத்தரோ அவருடைய உதவியாளரோ இவ்வேட்டைக் கையில் ஏந்தி முதல் நிலையில் அமர்ந்திருப்பார். நடிகர் பேசுவது ஏட்டோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பார். புதிதாகச் சேர்த்த பேச்சு இருந்தால் ஓரத்தில் குறித்து வைப்பார். அக்குறிப்புகள் இன்றும் ஏட்டின் ஓரங்களில் காணப்படுகின்றன. கட்டுப்படுத்துவதற்காக எழுதிய அந்த ஏட்டை நீங்கள் மறவாமல் நினைவில் வைக்க வேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சமயம் மாறியது. 1548-இல், ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், தேவநற்கருணைத் திருநாள் நாட்காட்டியிலிருந்து நீக்கப்பட்டது. கன்னி மரியாளின் இறப்பு, விண்ணேற்றம், முடிசூட்டு ஆகியவற்றைக் கூறும் நாடகங்கள் நிறுத்தப்பட்டன. மேரி அரசியின் காலத்தில் 1554-இல் அவை திரும்பின. எலிசபெத்தின் காலத்தில் 1561-இல் மீண்டும் விலக்கப்பட்டன. திருநாள் போன பின்பும், எஞ்சிய நாடகங்களை நகரத்தார் விடவில்லை. யார்க்கில் இந்நாடகத் தொடரைத் தவிர, விசுவாச அறிக்கை நாடகம், பரமண்டல மந்திர நாடகம் என்னும் வேறு இரண்டும் இருந்தன. 1568-இல் முதலாவதை நடிக்க எண்ணி, அதன் உரையைப் பேராலயத்தின் தலைமைக் குருவாகிய மாத்யூ ஹட்டனுக்கு அனுப்பினர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அது ஏற்றதாயிருந்திருக்கலாம், இக்காலத்திற்குப் பொருந்தாது என்று அவர் விடை எழுதினார். 1569-இல் பெருந்தொடர் கடைசி முறையாக நடந்தது.

அவ்வாண்டின் இறுதியில் வடநாட்டுக் கத்தோலிக்கப் பிரபுக்கள் அரசியை எதிர்த்துக் கிளர்ந்தனர். 1570-இல் போப்பாண்டவர் எலிசபெத்தைச் சமய விலக்குச் செய்தார். பழைய சமயத்தின் மணம் வீசும் எதையும் அரசு ஐயத்தோடு பார்க்கத் தொடங்கிற்று. அதே ஆண்டில் யார்க்கின் பேராயராக வந்த எட்மண்டு கிரிண்டல் கண்டிப்பு மிக்கவர். 1572-இல் பரமண்டல மந்திர நாடகம் நடந்தவுடன் அவர் அதன் உரையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் மற்றொரு வழக்கமும் தடை செய்யப்பட்டது. டிசம்பர் 21-ஆம் நாள், யூல் என்றும் யூலின் மனைவி என்றும் வேடம் பூண்ட இருவர் குதிரையேறி நகரத்தைச் சுற்றுவர். மக்கள் ஆரவாரத்தோடு பின்தொடர்வர். அது ஒழுங்கற்றது, மக்களை வழிபாட்டிலிருந்து விலக்குவது என்று ஆணை வந்தது. கிறிஸ்துமஸ் காலத்து அப்பழைய சவாரி அத்துடன் நின்றது.

சீர்திருத்தத்தை மேற்கொண்டவர்களைத் தீயவர் என்று நான் கூற வரவில்லை. மக்கள் வேடிக்கை பார்ப்பதை விட்டு வேதத்தைத் தாமே படித்து அறியவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கடவுளை மனிதன் வேடமிட்டுக் காட்டுவது அவர்களுக்கு நிந்தனையாகத் தோன்றியது. அக்கொள்கையில் உண்மையான பற்றுடையவர் அவருள் பலர். ஆயினும் இரு நூற்றாண்டுகளாகத் தச்சனும் ரொட்டி சுடுபவனும் தன்னுடையது என்று போற்றி வந்த ஒன்றை, அவனைக் கேளாமலே எடுத்துவிட்டனர் என்பதும் உண்மை. 1575-இல் நகர மன்றம் தன் நாடக ஏடுகளைத் திருப்பித் தருமாறு கிரிண்டலிடம் கேட்டது. 1579-இல், பெருந்தொடரின் ஏட்டைப் பேராயரிடம் காட்டித் திருத்தம் பெற்று நடிக்கலாம் என்று தீர்மானித்தது. 1580-இல் பொதுமக்கள் திரண்டு மேயரிடம் வந்து, இவ்வாண்டு நாடகம் நடக்கவேண்டும் என்று ஊக்கமாக வேண்டிக்கொண்டனர். மன்றத்தாரோடு கலந்து பேசுவேன் என்றார் மேயர். அவ்வளவே. அதன் பின்னர் நாடகம் நடந்ததாகக் குறிப்பில்லை.

ஒரு விழாவை எடுத்த அரசு மற்றொரு விழாவைக் கொடுத்தது. நாடகம் கடைசியாக நடந்ததற்கு அடுத்த ஆண்டு, 1570 ஏப்ரல் 16-ஆம் நாள், பேராலயத்தை அடுத்துள்ள புனித மைக்கேல் கோயிலில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. அக்குழந்தையே கை பாக்ஸ். வளர்ந்து கத்தோலிக்கனாகி, 1605-ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் பாராளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் செய்த சதியில் பிடிபட்டான். 1606 ஜனவரியில் தூக்குத் தண்டனை பெற்றான். ஆண்டுதோறும் நவம்பர் 5-ஆம் நாள் நன்றி வழிபாடு நடத்தவேண்டும் என்று பாராளுமன்றம் சட்டம் செய்தது. அச்சட்டம் 1859-இல் நீக்கப்பட்டது. ஆனால் தீ மூட்டும் வழக்கம் நீங்கவில்லை. கொடும்பாவி கட்டி எரித்து, வாணவேடிக்கை விடுகின்றனர். யார்க்கில் உள்ள புனித பீட்டர் பள்ளியில் மட்டும் கொடும்பாவி எரிப்பதில்லை. அவன் அப்பள்ளியின் பழைய மாணவன்!

வணிகமும் பொழுதுபோக்கும் வளர்த்த கூட்டம் ஒன்றும் உண்டு. நகரத்திற்கு வெளியே நேவ்ஸ்மயர் என்னும் புல்வெளியில் 1731 முதல் குதிரைப் பந்தயம் நடந்து வருகிறது. 1843-இல் அங்கே எபோர் பந்தயம் தொடங்கிற்று. அதே வெளியில் தூக்குமரமும் நின்றது. 1739-இல் டிக் டர்ப்பின் என்னும் பேர்பெற்ற வழிப்பறிக்காரன் அங்கே தூக்கிலிடப்பட்டான். 1801 வரை அம்மரம் பயன்பட்டது. பழைய சமயத்தை விடாத குருமார் பலரும் எலிசபெத்தின் காலத்தில் அங்கே உயிர் நீத்தனர். 1982-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள், போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அந்த வெளிக்கே வந்து பெருங்கூட்டத்திற்கு நல்லுரை கூறினார். ஒரே நிலம் மரண தண்டனையையும் பந்தயத்தையும் வழிபாட்டையும் கண்டுவிட்டது.

பெருந்தொடரின் பதிவேடு என்னவாயிற்று? விசுவாச அறிக்கை நாடகமும் பரமண்டல மந்திர நாடகமும் இன்று ஓர் அடிகூடக் கிடைக்கவில்லை. பதிவேடு மட்டும் எவ்வாறோ தப்பிப் பிழைத்தது. அது பேர்பாக்ஸ் குடும்பத்தார் கையை அடைந்தது. பின்னர் லீட்சு நகரத்து அறிஞர் ரால்ப் தோர்ஸ்பியிடம் சென்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹோரஸ் வால்போலின் நூல் தொகுதியில் இருந்தது. 1842-இல் அத்தொகுதி ஏலம் போயிற்று. ஆஷ்பர்ன்ஹாம் பிரபு பின்னர் ஏட்டை வாங்கினார். லூசி டூல்மின் ஸ்மித் என்னும் பெண்மணி அதனை வரிவரியாகப் படித்து 1885-இல் அச்சிட்டார். 1899-இல் பிரிட்டிஷ் பொருட்காட்சி நிலையம் ஏட்டை விலைக்கு வாங்கியது. இன்று அது இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. நடிகனின் வாயைக் கட்டுப்படுத்த எழுதிய ஏடு, நடிகர் எல்லாரும் மறைந்த பின் அவர்கள் குரலுக்கு ஒரே சாட்சியாக நின்றது!

இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரல் 29-ஆம் நாள் யார்க்கின் மேல் குண்டுகள் வீழ்ந்தன. பழைய கில்டு மண்டபம் தீக்கு இரையாயிற்று. போர் முடிந்து, 1951-இல் நாடெங்கும் பிரிட்டன் விழா கொண்டாடப்பட்டபோது, யார்க் மக்கள் தம் பழைய நாடகத்தை நினைத்தனர். குருவும் அறிஞருமாகிய பர்விஸ் என்பவர் உரையைச் சுருக்கி இக்கால மொழியில் அமைத்தார்; மார்ட்டின் பிரவுன் இயக்கினார். புனித மரியாள் மடத்தின் இடிந்த சுவர்களே மேடையாயின. அம்மடம் 1539-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மூடப்பட்டது. சமய மாற்றம் இடித்த இடத்திலேயே சமய மாற்றம் நிறுத்திய நாடகம் 382 ஆண்டுகளுக்குப் பின் எழுந்தது. நடித்தோரில் பெரும்பாலோர் நகர மக்களே. யார்க்கில் பிறந்து, அன்று இளநங்கையாய்த் தேவதூதர் வேடம் ஏற்ற ஜூடி டென்ச், 1957-இல் கன்னி மரியாளாக நடித்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்றார். 1998-இல் நகரத்தின் தொழிற்குழுக்கள் நாடகங்களை மீண்டும் வண்டிமேல் ஏற்றித் தெருவிற்குக் கொணர்ந்தன. 2002 முதல் 2022 வரை நான்காண்டுக்கு ஒருமுறை வண்டிகள் தெருவில் நகர்ந்தன. இறுதித் தீர்ப்பு இன்றும் துணி வணிகரின் வழிவந்த வணிகர் குழுவிற்கே உரியது. இறைச்சி விற்போர் குழுவும் தன் பழைய நாடகத்தை மறக்கவில்லை.

திரும்பி வந்தது பழைய விழாவேதானா? முற்றிலும் அன்று. அன்று ஊர் முழுவதும் ஒரே சமயத்தினர். இன்று கத்தோலிக்கரும் பிராட்டஸ்டண்டு சமயத்தாரும் கடவுள் நம்பிக்கையே இல்லாதவரும் ஒரே வண்டியைத் தள்ளுகின்றனர். வழிபாடாய் இருந்தது பலருக்குக் கலையாய் ஆகியிருக்கிறது. ஆயினும் ஒன்று மாறவில்லை. கடை வைத்திருப்பவரும் பள்ளி ஆசிரியரும் அலுவலகத்தில் பணி செய்பவரும் மாலை வேளைகளில் கூடிப் பாடம் செய்து, தம் ஊரார் முன் தாமே நடிக்கின்றனர். 1580-இல் மேயரின் வாயிலில் நின்று வேண்டியவர் கேட்டது அதுவே அல்லவா?

யார்க்கின் விழாக்களிலிருந்து நான் அறிந்துகொண்டவை இரண்டு. ஆணையிட்டு ஒரு விழாவை நிறுத்தலாம். ஆணையிட்டு ஒரு விழாவைத் தொடங்கவும் செய்யலாம். ஆனால் நின்ற விழா மீண்டும் எழவேண்டுமானால் அதனை எழுதி வைத்த ஏடு வேண்டும். எடுத்துச் செய்ய விரும்பும் கைகளும் வேண்டும். யூலின் சவாரிக்கு உரை எழுதி வைத்தவர் இல்லை. ஆகவே அதனைப் பற்றித் தடையாணையே நமக்குச் சான்றாகிறது. வரலாறு பயிலும் மாணவர்கள் மன்னரின் மெய்க்கீர்த்திகளையும் போர்களையும் மட்டும் போற்றுவது போதாது. வாடகைச் சீட்டு, குத்தகைக் கணக்கு, தண்டப் பட்டியல், ஏட்டின் ஓரத்தில் ஓர் எழுத்தர் அவசரமாகக் குறித்த குறிப்பு ஆகியவற்றையும் பொறுமையோடு படிக்கவேண்டும். பேரரசர்கள் மறைந்த பின்னும், ஒரு பழைய நகரத்தின் ஆணித் தொழிலாளரும் கப்பல் தச்சரும் ரொட்டி சுடுவோரும் நம்மோடு பேசுவது அத்தகைய தாள்களின் வழியாகத்தான்.